வில்வாத நஞ்சும் பழ ஈயும்

பெங்களூருவின் வடக்கே, ஹெப்பாளைக் கடந்து பல்லாரிச் சாலையில் சென்றால், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகம் வரும். அதனுள் தேசிய உயிரியல் அறிவியல் மையம் அமைந்துள்ளது. அங்குப் பேராசிரியர் கெயிட்டி ஹசனின் ஆய்வகத்தில், ஈக்கள் எவ்வாறு பறக்கின்றன என்பதை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். அதற்கான சோதனை எளியது. மெல்லிய கம்பியின் நுனியில் ஒரு பழ ஈயை ஒட்டி, அதன்மீது மெல்லக் காற்றை ஊதுவர். நலமான ஈ, கம்பியில் கட்டுண்டிருப்பதைப் பொருட்படுத்தாமல் உடனே சிறகடிக்கும். ஆனால், சில ஈக்கள் காற்றுப் பட்டும் சிறகை விரிக்கவில்லை. அவற்றின் நரம்பு செல்கள் சிலவற்றில், டெட்டனஸ் நஞ்சின் ஒரு பகுதி சுரக்குமாறு ஆய்வாளர்கள் செய்திருந்தனர்.

மனிதரைக் கொல்லும் நஞ்சுக்கு ஆய்வகத்தில் என்ன வேலை? அதை அறிய, முதலில் அந்நோயை அறிய வேண்டும்.

டெட்டனஸ் நோய்க்குத் தமிழில் இரணஜன்னி என்று பெயர். வில்வாதம், தனுர்வாதம் என்றும் கூறுவர். கன்னடத்தில் அதுவே தனுர்வாயு. இரு மொழிகளையும் கேட்டு வளரும் செவிக்கு இப்பெயர்களின் உறவு எளிதில் விளங்கும். தனுசு என்பது வில். நோய் முற்றினால் தாடை இறுகும். முதுகு வில்லாக வளையும். பெயர் வைத்தவர்கள் நோயாளியை உற்றுநோக்கியே வைத்திருக்கின்றனர்.

துருப்பிடித்த ஆணி குத்தினால் இந்நோய் வரும் என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் துருவின்மீது குற்றமில்லை. நோய்க்கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் அவை விழித்துக்கொள்ளும். 1889ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் கிடசாட்டோ, பெர்லினில் இக்கிருமியைக் காற்றின்றி வளர்த்துத் தனியே பிரித்துக் காட்டினார்.

கிருமி காயத்திலேயே தங்கிவிடும். பயணம் செய்வது அதன் நஞ்சு. அது நரம்பின் வழியே ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. தசைகளுக்குச் 'சுருங்கு' என்னும் கட்டளையும், 'போதும், தளர்வாய்' என்னும் கட்டளையும் அங்கிருந்தே செல்கின்றன. இரண்டாவது கட்டளையைத் தரும் நரம்புகளின் வாயை நஞ்சு அடைத்துவிடுகிறது. பின்னர்த் தசைகள் சுருங்கியபடியே இருக்கும். இவ்வாறு ஒரு மனிதரைக் கொல்ல, ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நஞ்சுகூடத் தேவையில்லை. அளவு இவ்வளவு சிறியது என்பதால், நோயிலிருந்து மீண்டவரின் உடலிலும் எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. அவருக்கும் தடுப்பூசி வேண்டும்.

நஞ்சு அந்த வாயை எவ்வாறு அடைக்கிறது? விடை 1992இல் கிடைத்தது. இத்தாலியின் பாதுவா நகரைச் சேர்ந்த சியாவோ, மான்டெகுக்கோ ஆகியோர் இதனைக் கண்டறிந்த குழுவில் இருந்தனர். நரம்பு செல்லின் முனையில், வேதிச்செய்தி அடங்கிய நுண்பைகள் உள்ளன. செய்தி வெளியேற, அப்பைகள் செல்லின் சுவரோடு இணைய வேண்டும். இணைப்பதற்கு உதவும் புரதம் ஒன்று உண்டு. நஞ்சின் சிறிய பகுதி கத்தரிக்கோல்போல் அந்தப் புரதத்தை மட்டும் வெட்டுகிறது. பெரிய பகுதியின் வேலை, நரம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைவது.

இது தெரிந்ததும் நஞ்சு ஒரு கருவியாயிற்று. பெரிய பகுதியை நீக்கிவிட்டு, கத்தரிக்கோலுக்குரிய மரபணுவை மட்டும் ஈயினுள் வைத்தால் போதும். விரும்பிய நரம்பு செல்களை மட்டும் பேசாமல் செய்யலாம். 1995இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பழ ஈயில் இதைச் செய்து காட்டினர். பெங்களூரு ஆய்வகம் அக்கருவியைக் கொண்டு செரடோனின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகளை அடக்கியது. 2012இல் வெளியான முடிவின்படி, ஈக்களுள் ஏறத்தாழப் பாதி பறக்க இயலாதவை ஆயின. எல்லா ஈக்களும் முடங்கியிருந்தால் விடை எளிதாகியிருக்கும். பாதி என்பதுதான் சுவையான செய்தி. பறப்பதற்கு அந்நரம்புகள் தேவை. ஆனால் அவை மட்டுமே பறத்தலை நடத்தவில்லை.

மருத்துவமும் இந்நஞ்சை விட்டுவைக்கவில்லை. 1920களில் பிரான்சின் காஸ்டன் ரமோன், ஃபார்மலினைக் கொண்டு நஞ்சின் கொடுமையை நீக்கும் முறையைக் கண்டார். கொடுமை நீங்கினாலும் அதன் வடிவத்தை உடல் அடையாளம் கண்டுகொள்ளும். 10 வயதிலும் 16 வயதிலும் மாணவர்களுக்குப் போடப்படும் ஊசியில் இருப்பது இதுவே. முற்காலத்தில் தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடியை அறுத்ததால், பிறந்த சில நாள்களிலேயே எண்ணற்ற குழந்தைகள் இறந்தன. கருவுற்ற தாய்மார்க்கு ஊசியும் தூய்மையான பேறுகாலமும் கிடைத்தபின், 2015இல் அத்துயர் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

வேறு நோய்களுக்கும் அது துணைநிற்கிறது. டைபாய்டு கிருமியின் சர்க்கரை உறையைக் கைக்குழந்தைகளின் உடல் சரியாகக் கண்டுகொள்வதில்லை. அவ்வுறையை, கொடுமை நீக்கிய டெட்டனஸ் நஞ்சோடு பிணைத்துக் கொடுத்தால் கண்டுகொள்கிறது. ஹைதராபாத்தில் உருவான டைபாய்டு தடுப்பூசி இம்முறையில் அமைந்ததே. புனேயில் இதே முறையில் செய்த மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோ, மாலி, நைஜர் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளைச் சென்றடைந்தது.

பயிற்சி

1. தனுர்வாதம் என்னும் பெயர் ஏற்பட்ட காரணத்தை எழுதுக.
2. நஞ்சின் பெரிய பகுதியை நீக்கிவிட்டு ஈயினுள் வைப்பது ஏன்?
3. 'பாதி ஈக்கள் பறக்கவில்லை' என்னும் முடிவிலிருந்து அறியப்படுவது யாது?
4. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் இந்நோய்க்கு அவர்கள் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுக.