பாட்டியின் ஊரைத் தேடிப் புறப்படும் பிள்ளைக்கு

கண்ணே, ஜெர்மனியில் உன் வேரைத் தேடப் புறப்பட்டுவிட்டாய். பழைய பதிவேடுகளோடு பாதி ஆயுள் கழித்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் போ. ஏடு காத்திருக்கும், ஆள் காத்திருக்கமாட்டார். பாட்டி எந்த வருடம் பிறந்தாள் என்று தொடங்காதே. பண்டிகைக்கு என்ன சமைப்பாள் என்று கேள். என் பாட்டி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் கசகசாவைப் பாலில் காய்ச்சி, ரொட்டித் துண்டு, திராட்சை, பாதாமோடு அடுக்கடுக்காய் வைத்து ஆறவிடுவாள். அது ஜெர்மனியின் அன்றைய கிழக்குப் பகுதியான சைலீசியாவின் வழக்கம். அவள் சொல்லாத ஊர்ப்பக்கத்தை அந்தக் கிண்ணம் சொல்லிவிட்டது.

2. ஊர்ப்பெயரும் மதப்பிரிவும் தெரியாமல் எங்கும் எழுதிக் கேட்காதே. எல்லாருடைய பதிவும் ஒரே இடத்தில் கிடைக்கும் நாடல்ல அது. பிரஷ்யாவில் 1874-லும் ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் 1876-லும்தான் அரசுப் பதிவு வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் தேவாலய ஏடுகளே கதி. கப்பலேறிப் போன குடும்பமானால் ஹாம்பர்க் துறைமுகத்தின் 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியலைப் பார். சொந்த ஊர் அதில் இருக்கலாம். பிரேமன் துறைமுகப் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துபோயின.

3. பழைய ஜெர்மன் குர்ரென்ட் கையெழுத்தைக் கண்ணால் மட்டும் படித்துப் பழகாதே, கையால் எழுதிப் பழகு. அதில் 'e' பார்வைக்கு 'n' போலவே இருக்கும். தலையில் சின்ன வளைவு இருந்தால் அது 'u'. புரியாத பெயரை ஊகித்து நிரப்பிவிடாமல் வெற்றிடமாக விட்டுவைக்கும் நேர்மை உனக்கு வேண்டும்.

4. பிரபுக்களைத் தேடாதே. பண்ணை வேலைக்காரியும், தகப்பன் பெயர் எழுதப்படாத குழந்தையும்தான் உனக்கு அதிகம் எதிர்ப்படுவார்கள். அவர்களை மரியாதையோடு எழுது.

5. 1945-க்குப் பின் சைலீசியாவின் பெரும்பகுதி போலந்துக்குப் போனது. பிரெஸ்லாவ் வ்ரோத்ஸ்வாஃப் ஆனது. அங்கே என் பாட்டியின் வீட்டு வாசலில் நான் நின்றபோது, வீட்டைக் கேட்க வந்திருக்கிறேனோ என்று உள்ளே இருந்த அம்மாள் மிரண்டாள். கிணற்றடி ஆப்பிள் மரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். உள்ளே கூப்பிட்டாள். அவள் பெற்றோரும் கிழக்கே லிவிவ் பக்கமிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களாம். இழந்தவர்கள் நாம் மட்டுமே என்ற எண்ணத்தோடு அந்த மண்ணில் காலை வைக்காதே.

6. 1933 முதல் 1945 வரையுள்ள நாஜி ஆட்சிக்காலப் பக்கங்களைத் தாண்டிப் போகாதே. நீ இன்று ஆசையோடு புரட்டும் இதே ஞானஸ்நான ஏடுகளிலிருந்துதான் அன்று 'ஆரிய' வம்சச் சான்றுகள் எடுக்கப்பட்டன. யாருக்கு வேலை, யார் வெளியே என்று அந்தத் தாள்கள் பிரித்தன. உன் தாத்தா நாஜிக் கட்சியில் இருந்தாரா என்று பெர்லின் கூட்டரசு ஆவணக் காப்பகத்தில் கேள். துன்புறுத்தப்பட்டவர்களின் பதிவுகள் பாத் ஆரோல்சனில் இருக்கின்றன. தெரிந்துகொண்டால் பாட்டியின் மேல் பாசம் போய்விடுமோ என்று அஞ்சாதே. தெரிந்த பிறகும் அவள் மடியில் தூங்கிய பிள்ளைதான் நீ. ஆனால் குடும்பத்துக்காக ஒரு வரியையும் மாற்றி எழுதாதே.

7. பிறப்புப் பதிவு 110 ஆண்டும், திருமணப் பதிவு 80 ஆண்டும், இறப்புப் பதிவு 30 ஆண்டும் பொதுப் பார்வைக்கு வராது. நேர்வழிப் பேரப்பிள்ளையான நீ அதற்கு முன்பே கேட்டுப் பெறலாம். பாட்டியின் பிறப்புப் பதிவைக் கேட்கும்போது முழுப் பக்கத்தின் நகலாகக் கேள். அவள் திருமணத்தையும் மறைவையும் பின்னால் யாரோ ஓரத்தில் குறித்துவைத்திருக்கக்கூடும்.