ஏழு பருவங்களின் தோட்டம்

எட்டாம் வகுப்பில் ‘வானிலையும் காலநிலையும்’ பாடத்தின்போது நான் தவறாமல் எடுத்துச் சொல்லும் தோட்டம் ஒன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ளது. ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் நகர வளாகத்தில் 2015-இல் அமைந்த அதன் பெயர் ‘ஙராரா பிளேஸ்’. (நம் மொழியில் சொல்லின் முதலில் அரிதாகவே வரும் ‘ங’, அம்மண்ணின் தொல்குடி மொழியில் இயல்பாக முன்னே நிற்கிறது. பெயரைச் சொல்லிப் பார்ப்பதே மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு.)

இதன் வடிவமைப்பில் பங்கேற்றவர் தொல்குடி மரபில் வந்த கட்டடக்கலைஞர் ஜெஃபா கிரீனவே. புகைச் சடங்குக்கு ஒரு தீக்குழி, கூடி அமர்ந்து பேச இருக்கைகள், சுற்றிலும் உள்நாட்டுச் செடிகள். இடம் சிறியதுதான். ஆனால், செடிகளுக்கு அடிப்படை அப்பகுதிக் குலின் மக்களின் ஏழு பருவங்கள்.

அந்த ஏழையும் கரும்பலகையில் எழுதுவேன். சனவரி, பிப்ரவரி வறண்ட காலம். மார்ச்சு, விலாங்கு மீன்கள் முட்டையிடக் கடல் நோக்கிப் போகும் காலம். ஏப்ரல் முதல் சூலை வரை வொம்பாட் காலம். ஆகஸ்டு ஆர்கிட் பூக்கும் காலம். பிறகு தலைப்பிரட்டைக் காலம், நவம்பரில் புல் பூக்கும் காலம், திசம்பரில் கங்காரு ஆப்பிள் காலம். ஐரோப்பியர் கொண்டுவந்த நான்கு பருவங்களில் விலாங்குக்கு இடமில்லை.

முர்னாங் என்ற கிழங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மஞ்சள் பூப் பூக்கும் இச்செடியின் கிழங்கைப் பெண்கள் கோலால் தோண்டி எடுப்பார்கள். அதுவே முக்கிய உணவு. 1835-இல் குடியேறிகள் வந்தார்கள். அவர்களின் ஆடுகள் அதை மேய்ந்து தீர்த்தன. நிலமும் போனது, உணவும் போனது. செடி இல்லாத இடத்தில் அதை எப்போது தோண்டுவது என்ற அறிவைப் பேத்திக்கு எப்படிக் கற்பிப்பது? பெயர்ப்பலகையும் சுவரோவியமும் வைத்து மரியாதை செய்துவிட்டதாக நினைக்கும் நிறுவனங்கள் உண்டு. செடியை நட்டு, ஆண்டு முழுவதும் பேணுவதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதையொட்டி ஒரு செயல்பாடு. கார், கூதிர் முதலான ஆறு பெரும்பொழுதுகளை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். அதோடு விடாமல், வேம்பு பூப்பது எப்போது, ஈசல் கிளம்புவது எப்போது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பள்ளித் தோட்டத்தில் தாங்களே பார்ப்பதையும் வாரந்தோறும் குறிக்கட்டும். ஓர் ஆண்டு முடிந்ததும் அக்குறிப்புகளைக் கொண்டு தங்கள் ஊருக்கு எத்தனை பருவங்கள் என்று அவர்களே பிரித்துப் பெயரிடட்டும். எண்ணிக்கை ஆறாக வராவிட்டால் திருத்த வேண்டாம்.