புது டாங்கிள் வாங்கின தம்பிக்கு

தம்பி, புது ஜிக்பீ டாங்கிள் வந்துடுச்சு, வீட்டுல இருக்குற பல்பு, சென்சார், பிளக் எல்லாத்தையும் ரீசெட் பண்ணி ஒண்ணொண்ணா சேர்க்கப் போறேன்னு எழுதியிருந்தே. கொஞ்சம் நில்லுடா. அதுல முக்கால்வாசி வேலை தேவையே இல்லை.

தறியில பாவு தீர்ந்துட்டா அப்பா என்ன பண்றாரு? அச்சையும் விழுதையும் காலி பண்ணிட்டு முதல்லேர்ந்தா இழை கோக்குறாரு? பழைய பாவு நுனியில புதுப் பாவு இழையைப் பிணைச்சு அப்படியே முன்னால இழுத்துவிடுறாரு. டாங்கிள் மாத்துறதுலயும் அந்தப் பிணைப்புதான் முக்கியம்.

உன் ஜிக்பீ நெட்வொர்க்குக்கு அடையாளம் முக்கியமா நாலு விஷயத்துல இருக்கு. எந்த சேனல், என்ன நெட்வொர்க் எண், 128 பிட் ரகசியச் சாவி, அப்புறம் டாங்கிளோட சொந்த 64 பிட் முகவரி. இந்த நாலையும் புது டாங்கிள்ல எழுதிட்டா, தறிக்கு மேல தொங்குற பல்புக்கு டாங்கிள் மாறினதே தெரியாது. முகவரியை மட்டும் விட்டுட்டா பாதி சாதனம் குழம்பும். ஏன்னா, கதவு திறந்தா, ஈரப்பதம் ஏறினா, சென்சார் தகவலை அனுப்புறதே அந்தப் பழைய முகவரிக்குத்தான்.

நீ ஹோம் அசிஸ்டன்ட்ல இசட்.எச்.ஏ. வச்சிருக்கறதால பாதி வேலை மிச்சம். 2022லேர்ந்து அதுலயே இடம் மாத்துற வசதி இருக்கு. பழைய டாங்கிள் செருகி இருக்கும்போதே முதல்ல முழு பேக்கப் எடு, அதை லேப்டாப்புக்கும் ஒரு பிரதி இறக்கிக்கோ. அந்தக் கோப்புக்குள்ளதான் ரகசியச் சாவி இருக்கு, அதனால ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டு 'சரியா இருக்கா பாருங்க'ன்னு கேட்டுவைக்காதே. அப்புறம் இசட்.எச்.ஏ. அமைப்புக்குள்ள போய் மைக்ரேட் பண்ற பொத்தானை அழுத்து. அது கேக்கற வரிசையிலயே பழையதைக் கழட்டு, புதுசைச் செருகு. நடுவுல அவசரப்பட்டு ரெண்டையும் மாத்தி மாத்திப் பிடுங்காதே.

ஒரு இடத்துல, டாங்கிளோட முகவரியையும் மாத்தி எழுதட்டுமான்னு கேக்கும். 'ஆமாம்' சொல்லு. ஆனா சிலிக்கான் லேப்ஸ் சிப் போட்ட சில டாங்கிள்ல, ஃபர்ம்வேர் பழசா இருந்தா, இதை ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். அதனால ஃபர்ம்வேரை முன்கூட்டியே புதுப்பிச்சு வச்சுக்கோ, எந்த பேக்கப்பை எழுதப்போறேங்கறதையும் தேதி பார்த்து உறுதி பண்ணிக்கோ.

உன் ஃபிரெண்டு ஜிக்பீ2எம்.க்யூ.டி.டி. வச்சிருந்தா அவனுக்கு வழி வேற. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்லேர்ந்து சிலிக்கான் லேப்ஸுக்கு, குடும்பம் விட்டுக் குடும்பம் தாவினா மறுபடி ஜோடி சேர்க்க வேண்டி வரலாம். வாங்கறதுக்கு முன்னாடியே ஜிக்பீ2எம்.க்யூ.டி.டி.யோட ஆவணத்தைப் படிக்கச் சொல்லு. அப்படியே, அமெரிக்காவுலேர்ந்து வர்ற சொந்தக்காரங்ககிட்ட இசட்-வேவ் டாங்கிள் வாங்கிட்டு வரச் சொல்ல வேண்டாம்னும் சொல்லிடு. அங்க அது 908.4 மெகாஹெர்ட்ஸ், நம்ம நாட்டுக்கு 865.2. ஜிக்பீக்கு அந்தத் தொல்லை இல்லை, அது 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் ஓடுது, எந்த ஊர்ல வாங்கினாலும் ஒண்ணுதான்.

புது டாங்கிளை எங்க செருகறேங்கறதுல நிறைய இருக்கு. ராஸ்பெர்ரி பையில நீல நிற யூஎஸ்பி 3 துளை இருக்குல்ல, அதுலேர்ந்து வர்ற இரைச்சல் நேரா 2.4 கிகாஹெர்ட்ஸ்ல விழும். கறுப்புத் துளையில செருகு, அதுவும் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வை. இரும்பு பீரோவுக்குப் பின்னாடி வைக்கிறதை விட்டுடு. நிறைய பேர் டாங்கிள் மட்டம்னு திட்டறாங்க, முக்காவாசி நேரம் வச்ச இடம்தான் மட்டம்.

நம்ம பிள்ளையார்பாளையத்துல சுவரோட சுவர் ஒட்டின வீடுங்க, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் நம்ம கூடத்துக்குள்ளதான். வைஃபை 1, 6, 11ல ஓடுச்சுன்னா ஜிக்பீக்கு 15, 20, 25 சேனல்தான் சந்து. சரி, மாத்தலாம். ஆனா டாங்கிள் மாத்துற அன்னைக்கே சேனலையும் மாத்தாதே. எது கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்க முடியாம உக்காந்திருப்பே. ஒரு வாரம் ஓடட்டும்.

நாளும் பார்த்துக்கோ. வைகாசி கருட சேவைக்கு வீடு நிறைய சொந்தக்காரங்க இருக்கும்போதோ, முகூர்த்தச் சேலை அவசரத்துல அப்பா தறியில இருக்கும்போதோ இதைத் தொட்டா உனக்கு விழப்போறது திட்டு. பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தற நாளும் வேண்டாம். வெளிச்சம் இருக்கற காலை நேரமாப் பாரு.

மாத்தி முடிச்சதும் எல்லாம் உடனே பச்சையா காட்டாது. பதறாதே. கரண்ட்ல ஓடற பல்பும் பிளக்கும்தான் மத்ததுக்கு வழி காட்டுது, அதுங்க முதல்ல வரணும். வராததை ஒரு தடவை அணைச்சுப் போடு. பேட்டரி சென்சார் தூங்கிட்டிருக்கும், அதுல இருக்கற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினா முழிச்சுக்கும். நாள் முழுக்க விட்டும் ஏதாவது வரலைன்னா அதை மட்டும் மறுபடி ஜோடி சேர்த்துடு. ஆனா பட்டியல்லேர்ந்து அழிச்சிடாதே. அழிக்காம சேர்த்தா பழைய பேரும், நீ எழுதி வச்ச ஆட்டோமேஷனும் அப்படியே நிக்கும். அழிச்சா பட்டு நூல் அறையில ஈரப்பதம் ஏறினா அப்பாவுக்கு மெசேஜ் போற அந்த ஏற்பாட்டை உக்காந்து முதல்லேர்ந்து எழுதணும்.

இன்னொண்ணு, அம்மாகிட்ட சொல்லிவை. நம்ம வீடு நீளவாக்குல போறதால, தறி அறைக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல இருக்கற ஸ்மார்ட் பிளக்தான் பாலம். ராத்திரி 'வீணா எதுக்கு எரியுது'ன்னு சுவர் சுவிட்சை அணைச்சுட்டாங்கன்னா பின்கட்டு சென்சார் மொத்தமா ஊமையாயிடும். சுவிட்ச் மேல ஒரு டேப் ஒட்டிடு.

கடைசியா பழைய டாங்கிள். அதை அழிக்காம மறுபடி எங்கயும் செருகி ஓடவிடாதே, ஒரே அடையாளத்துல ரெண்டு தலைமை வந்து நெட்வொர்க் தள்ளாடும். புதுசு ஒரு மாசம் ஒழுங்கா ஓடினப்புறம் பழையதை முழுசா அழிச்சிட்டு, அந்த மாடலுக்கு ரவுட்டர் ஃபர்ம்வேர் கிடைக்குதான்னு பாரு. சிசி2652 சிப்னா கிடைக்கும். ஏத்திட்டு, ஒரு பழைய மொபைல் சார்ஜர்ல மாட்டி கிணத்தடிப் பக்கம் வச்சிடு. மோட்டார் சென்சார் அடிக்கடி காணாமப் போகுதுன்னு சொன்னியே, அதுக்கு ஆகும்.