ஒரு பட்டத்தில் இரு பாடமா? இரு பட்டமா?

நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் அண்மையில் தம் மகளுடன் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். மகள் மேனிலைத் தேர்வில் தேறியவள். கணிதத்திலும் பொருளியலிலும் நாட்டமுடையவள். "கல்லூரியில் ஒரு பட்டம், இணையவழியில் ஒரு பட்டம் என இரண்டையும் மூன்றாண்டில் முடித்துவிடட்டுமே, டீச்சர்" என்றார் தாய். மகள் தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். இன்று பல இல்லங்களில் எழும் வினா இது. ஆதலின் அன்று நாம் கூறியவற்றை இங்கே தருகின்றோம்.

இரண்டின் வேறுபாடு

ஒரே பட்டத்தினுள் இரு துறைகளை முதன்மைப் பாடங்களாகக் கற்பது இரட்டை மேஜர். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்கு 120 கிரெடிட் தேவை. அதில் குறைந்தது 40 விழுக்காட்டை, அதாவது 48 கிரெடிட்டை, இரண்டாம் துறையில் பெறுபவர் இரட்டை மேஜர் பெறுவார். எல்லாக் கல்லூரிகளிலும் இவ்வசதி இல்லை. சேருமுன் கேட்டறிதல் வேண்டும்.

இரட்டைப் பட்டமோ வேறு. பாடத்திட்டம், தேர்வு, கட்டணம் யாவும் தனித்தனி, சான்றிதழும் இரண்டு. 2022 ஏப்ரலில் மானியக் குழு இதற்கு இசைவளித்தது. இரண்டும் நேரடிப் படிப்புகளாயின் வகுப்பு நேரங்கள் மோதலாகா. ஒன்றை நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ பயிலலாம்; இரண்டையுமே அவ்வாறு பயிலவும் தடையில்லை. அத்தகைய படிப்பை வழங்கும் நிறுவனம் முறையான ஏற்புப் பெற்றதாக இருத்தல் கட்டாயம். முனைவர் பட்டப் படிப்பிற்கு இவ்விதி பொருந்தாது.

ஒரு சிறு கணக்கு

வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேரம். 120 கிரெடிட்டை ஆறு பருவங்களுக்குப் பகிர்ந்தால் பருவத்திற்கு 20. வாரம் 20 மணி நேரம். அதே அளவுள்ள இரு பட்டங்களை மூன்றாண்டில் முடிப்பதாயின் வாரம் 40 மணி நேரம்! செய்முறை வகுப்பிற்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். இரட்டை மேஜரில் இச்சுமை இல்லை. ஆயின் பிற விருப்பப் பாடங்களுக்கு இடம் சுருங்கும்.

எது யாருக்கு?

கணிதமும் பொருளியலும் போல ஒன்றுக்கொன்று துணைநிற்கும் துறைகளுக்கு இரட்டை மேஜர் ஏற்றது. கருதும் பணியோ மேற்படிப்போ குறிப்பிட்ட பாடத்தில் தனிப்பட்டம் வேண்டுமெனில், இரட்டைப் பட்டம் பயன் தரும். 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பை வேறு கல்லூரியில் பயில்வோரும் கற்கின்றனர். ஆயினும் அதன் தேர்வுகளை மையத்திற்கு நேரில் சென்றே எழுத வேண்டும். இணையவழி என்றவுடன் எளிது என எண்ணுதல் தவறு.

கணக்கைக் கண்ட அம்மகள் முதன்முறையாக வாய் திறந்தாள். "அப்படியானால் நான் வீட்டில் உட்கார்ந்து படிப்பது எப்போது, டீச்சர்?" தாய் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "எனக்குக் கிட்டாத இரண்டாம் பட்டத்தை இவள் பெறட்டும் என்று நினைத்துவிட்டேன்" என்றார். அவ்வேக்கம் பழிக்கத்தக்கதன்று, ஆயினும் அதைச் சுமக்க வேண்டியவள் மகளல்லவா?

பெற்றோர்க்கு ஒரு பயிற்சி

கல்லூரி விண்ணப்பம் வாங்குமுன், ஒரு வாரத்திற்கான கால அட்டவணையைப் பிள்ளையே தன் கையால் வரையட்டும். வகுப்பு, பயணம், உணவு, உறக்கம், தனிப்படிப்பு அனைத்தும் அதில் இடம்பெறட்டும். இரண்டாம் பட்டத்திற்கு அங்கே இடமிருப்பின் மகிழ்ந்து சேர்ப்போம். இல்லையெனில் ஒரு பட்டத்தையே செம்மையாகப் பயிலச் செய்வோம்.