பழைய கேம்களுக்கு வீட்டு நெட்வொர்க்கில் ஓர் அலமாரி

ராஸ்பெர்ரி பையில் ரெட்ரோபை போட்டு விளையாடும் வீடுகளில், மெமரி கார்டு சீக்கிரமே நிரம்பிவிடும். சூப்பர் நின்டெண்டோ கேம் ஒன்று அதிகபட்சம் 6 எம்பிதான். பிளேஸ்டேஷன் டிஸ்க் ஒன்றோ 700 எம்பி வரை இடம் கேட்கும். கேம்களை வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டியான நாஸில் வைத்து, அந்த ஃபோல்டரை ரெட்ரோபையின் 'ரோம்ஸ்' ஃபோல்டரோடு இணைத்துவிட்டால் கவலை தீர்ந்தது. பிளேஸ்டேஷன் கேம்களை சிஹெச்டி வடிவத்துக்கு மாற்றினால் இடமும் மிச்சம்.

வைஃபையைவிட ஈதர்நெட் கேபிளே நம்பகம். பை 4-இல் கிகாபிட் வேகம் உண்டு. பை 3-இன் 100 மெகாபிட் இணைப்பே சின்ன கேம்களுக்குத் தாராளம்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சேவ் கோப்புகள். ரெட்ரோபை அவற்றைக் கேம் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதும். எழுதும்போது இணைப்பு அறுந்தால், பிள்ளைகள் வாரக்கணக்கில் ஆடிச் சேர்த்தது பாழாகலாம். அதனால் ரெட்ரோபைக்குள் கேம்களை இயக்கும் ரெட்ரோஆர்ச்சின் அமைப்பில் சேவ் ஃபோல்டரை மெமரி கார்டுக்கு மாற்றி, நாஸுக்கு அவ்வப்போது ஒரு நகல் எடுப்பது நல்லது.

ஆன் செய்ததும் கேம் பட்டியல் காலியாக இருக்கிறதா? நெட்வொர்க் வருமுன்பே பை எழுந்துவிட்டது. 'ராஸ்பி-கான்ஃபிக்' மெனுவில், நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் வசதியை இயக்கிப் பார்க்கலாம்.