பல் வைத்தியராக ஆசைப்படும் பிள்ளைக்கு இரசாயனக் குறிப்புகள்

பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்கென்று நம் நாட்டில் தனி நுழைவுப் பரீட்சை இல்லை. உயர்தர உயிரியல் பிரிவில் பெறும் இசட் புள்ளிதான் வாசல். மூன்று பாடங்களின் சராசரி என்பதால் ஒன்று சறுக்கினாலும் மொத்தமும் இறங்கிவிடும். உயிரியலைப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். சறுக்குவது பெரும்பாலும் இரசாயனவியலில்தான். திருகோணமலையில் இந்தப் பாடத்தை வருடக்கணக்காகப் படிப்பித்தவள் நான். வீட்டில் இருந்தபடி செய்யக்கூடியவற்றை எழுதுகிறேன். பெற்றாரும் வாசிக்க வேண்டும்.

1. கணிப்பானை இன்றே அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பரீட்சை மண்டபத்தில் அதற்கு அனுமதி இல்லை. ஒரு கன டெசிமீற்றரில் 0.1 மூல் அசற்றிக் அமிலம், கூட்டப்பிரிகை மாறிலி 1.8×10⁻⁵ என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1.8×10⁻⁶. வர்க்கமூலம் ஏறத்தாழ 1.34×10⁻³. பிஎச் 2.87. இப்படி நாளுக்கு ஐந்து கணக்கு, பேனையாலும் தாளிலும் மட்டும். மூன்று மாதத்தில் கை தானாக ஓடும்.

2. மூல் பிடிபடாத பிள்ளையை அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். வினாகிரிப் போத்தலில் 4% என்று இருந்தால், ஒரு லீற்றரில் 40 கிராம் அசற்றிக் அமிலம். மூலர்த் திணிவு 60, ஆகவே 0.67 மூல். அப்பச்சோடாவின் மூலர்த் திணிவு 84. அதில் 8.4 கிராம் எடுத்தால் 0.1 மூல். அதை முழுதாகத் தீர்க்க 150 மில்லிலீற்றர் வினாகிரி வேண்டும் என்று பிள்ளை முதலில் தாளில் கண்டுபிடிக்கட்டும். பிறகு அகலமான சட்டியில் ஊற்றிப் பார்க்கட்டும். இரண்டு லீற்றருக்கு மேல் வாயு வரும், ஆகவே போத்தலில் போட்டு மூடவே கூடாது. பொங்கி அடங்கியதும், பாடப் புத்தகத்தில் வெறும் எண்ணாகக் கிடந்தது கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

3. செவ்வரத்தம் பூவிதழை வெந்நீரில் போட்டால் காட்டி தயார். தேசிக்காய்ப் புளிக்குச் சிவக்கும், சோடாவுக்குப் பச்சையாகும்.

4. நிலாவெளிப் பக்கம் போகும்போது உப்பளத்தைக் காட்டுங்கள். கடல்நீர் வற்ற வற்ற முதலில் வீழ்படிவாவது கல்சியம் காபனேற்று, அடுத்தது கல்சியம் சல்பேற்று, அதற்குப் பிறகே கறியுப்பு. கசக்கும் மகனீசியம் உப்புகள் கடைசிவரை நீரிலேயே நிற்கும். ஏன் இந்த ஒழுங்கு என்று பிள்ளையிடம் கேளுங்கள். கரைதிறன் என்ற முழு அத்தியாயமும் அந்தப் பாத்திகளில் கிடக்கிறது. இடையில் படியும் கல்சியம் சல்பேற்றுத்தான் ஜிப்சம். அதைச் சூடாக்கி நீரைக் குறைத்தால் கிடைக்கும் பரிசுச் சாந்தில்தான் பல் வைத்தியர் பல்லின் அச்சை வார்க்கிறார்.

5. புல்மோட்டைக் கறுப்பு மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். ரூட்டைலில் இருந்து குளோரின் முறையால் தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுப்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பற்பசைக்கு வெள்ளை நிறம் கொடுக்கச் சேர்க்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. நம் மாவட்டத்து மணல் பற்றிய கேள்விக்கு நம் பிள்ளை விடை எழுதாமல் வந்தால் எனக்கு உண்மையிலேயே மனம் நோகும்.

6. திருத்தத்துக்காகக் கரையேற்றிய இரும்புக் கப்பலைக் காணக் கிடைத்தால் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். நாகக் கட்டிகள் பூட்டியிருப்பார்கள். நாகத்தின் நியம மின்வாய் அழுத்தம் −0.76 வோல்ற்று, இரும்பினது −0.44. நாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது.

7. எந்தத் தொழிலுக்காகப் படிக்கிறோமோ அதை வைத்தே சமநிலையைப் படிக்கலாம். பல்லின் மிளிரி பெரும்பாலும் ஐதரொட்சி அப்பதைற்று: கல்சியம், பொசுபேற்று, ஐதரொட்சைட்டு அயன்கள். இனிப்புத் தின்றபின் வாயிலுள்ள பற்றீரியா அமிலம் விடும். அமிலம் ஐதரொட்சைட்டையும் பொசுபேற்றையும் பிடித்துக்கொள்ள, சமநிலை கரையும் பக்கம் சாயும். பிஎச் 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் மிளிரி கரையத் தொடங்கும். 7இலிருந்து 5.5க்கு வருவதென்றால் ஐதரசன் அயன் 30 மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. முட்டைக்கோதை ஒருநாள் வினாகிரியில் ஊறவிட்டால் இதன் சாயலைக் காணலாம். கோதில் இருப்பது காபனேற்று, ஆனால் அமிலம் செய்யும் வேலை அதே மாதிரித்தான். ஐதரொட்சைட்டின் இடத்தில் புளோரைட்டு ஏறினால் மிளிரி அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். அதே புளோரைட்டு கிணற்று நீரில் மிஞ்சினால் வளரும் பிள்ளையின் பல்லில் கறை விழும். நம் வரண்ட வலயத்தில் அது பழைய துயரம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்.

8. வெளுக்கும் திரவத்தையும் மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்க வேண்டாம். குளோரின் வாயு வரும். சமன்பாட்டை மட்டும் கொப்பியில் எழுதினால் போதும்.

9. நிறங்களைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டுங்கள். செம்பு அயனுக்கு அமோனியா விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு, மிஞ்ச விட்டால் கடும்நீலக் கரைசல். ஈய அயடைட்டு மஞ்சள். வெள்ளிக் குளோரைட்டு வெள்ளை, அமோனியாவில் கரையும்.

10. முதலாம் பத்திரம் 50 வினா, இரண்டு மணி நேரம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. பிழை விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விட வேண்டாம். 31 முதல் 40 வரையும் 41 முதல் 50 வரையும் உள்ள அறிவுறுத்தல் அட்டவணைகளை வீட்டிலேயே பழகிவிட வேண்டும். விடை தெரிந்தும் இலக்கத்தை மாற்றிப் போட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

11. இரண்டாம் பத்திரத்துக்கு மூன்று மணி. அமைப்புக் கட்டுரை நான்குக்கும் தலா 18 நிமிடம், கட்டுரை நான்குக்கும் தலா 27 நிமிடம். வீட்டில் கடந்தகால வினாத்தாள் செய்யும்போது கடிகாரத்தை முன்னால் வையுங்கள்.

12. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானப் படிப்பு வீண். அதிகாலை நான்கு மணிக்குக் கணக்கு, வெயில் ஏறியபின் வாசிப்பு.

13. படித்ததை வீட்டில் யாருக்காவது சொல்லிக் காட்ட வேண்டும். கேட்பவர் இரசாயனம் படித்திருக்கத் தேவையில்லை. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி தினமும் அப்பம்மாவுக்குத்தான் சொல்லுவாள். ஒருநாள் அப்பம்மா வெற்றிலைத் தட்டத்தைக் காட்டி, "ஏன் பிள்ளை, கரண்டகத்தை மூடாமல் விட்டால் சுண்ணாம்பு மேலால ஆடை கட்டுது?" என்று கேட்டாராம். அவளுக்கு உடனே வாய் வரவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தைப் பிரித்துத் திரும்பி வந்து, "காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டு, அப்பம்மா" என்றிருக்கிறாள். அப்பம்மா கரண்டகத்தை இறுக மூடிவிட்டு, "பிறகு? அதில இருந்து என்ன வரும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறார்.