மைக் வாங்குறதுக்கு முன்னாடி: ஹாஸ்டல் ரூம் ரெக்கார்டிங்குக்கு ஒரு சின்ன பாடம்

வீட்டுலயோ ஹாஸ்டல்லயோ பாடி ரெக்கார்ட் பண்ற எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எந்த மைக் நல்லா இருக்கும்?" நல்ல கேள்விதான். ஆனா அதை கடைசியா கேக்கணும். கையில இருக்கிற போன், லேப்டாப், இலவச சாஃப்ட்வேர் இதை வச்சே எவ்வளவு தூரம் போகலாம்னு முதல்ல பாத்துடுவோம். இங்க நான் ஆடாசிட்டியை எடுத்துக்கிறேன். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-ல் வெளியான இலவச மென்பொருள் இது. ஆரம்பிக்கிறவங்களுக்கு போதும்.

1. ரூமும் சேர்ந்து பாடும்

ரூம் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. "டங்" மாதிரி ஒரு வால் கேட்டா, அது வெறும் சுவரோட சத்தம். உங்க பாட்டுலயும் அது ஒட்டிக்கும், அப்புறம் எந்த எஃபெக்ட் போட்டாலும் முழுசா போகாது. பாடுறவருக்குப் பின்னாடி ஒரு மெத்தையை நிமிர்த்தி வைங்க. துணி தொங்குற அலமாரியைத் திறந்து வைங்க. ஜன்னல்ல போர்வை போடுங்க. ஃபேன் ஆஃப். வேர்க்கும், ஆனா ஒரு பாட்டு அஞ்சு நிமிஷம்தானே! லேப்டாப் சார்ஜரையும் கழட்டிடுங்க. கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" சத்தம் பல நேரம் அது வழியாத்தான் வருது.

2. ஒரு சாண் கணக்கு

தூரம் பாதியானா வாயிலிருந்து மைக்குக்கு நேரா வர்ற சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். ரூம் எதிரொலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதாவது 60 செ.மீ.-லிருந்து 15 செ.மீ.-க்கு வந்தா, எதிரொலியை விட உங்க குரல் 12 டெசிபல் முன்னாடி வந்துடும். செலவு பூஜ்யம். ஒரு சாண் தூரம் நல்ல ஆரம்பம். மைக்கை வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க. இல்லன்னா "பூ", "போ" வர்ற இடத்துல எல்லாம் காத்து வந்து "டப்"னு அடிக்கும். போன்ல முக்கிய மைக் பெரும்பாலும் சார்ஜிங் ஓட்டைக்குப் பக்கத்துல இருக்கும், அந்தப் பக்கத்தைத் திருப்புங்க.

3. மீட்டர் சிவப்பைத் தொடக்கூடாது

டிஜிட்டல்ல 0 டெசிபல்தான் உச்சம். அதுக்கு மேல போனா அலையோட தலை தட்டையா வெட்டுப்படும். வெட்டுப்பட்டது என்னவா இருந்துச்சுன்னு ஃபைலுக்குத் தெரியாது, அதனால யாராலும் அதை சரியா மீட்க முடியாது. பாட்டோட சத்தமான வரியைப் பாடி, உச்சம் -12-க்கும் -6-க்கும் நடுவுல வர்ற மாதிரி இன்புட்டை வைங்க.

"சத்தம் கம்மியானா குவாலிட்டி போயிடாதா?"ன்னு கேக்கலாம். கணக்கு போட்டுப் பாருங்க. 16 பிட்னா சுமார் 96 டெசிபல் வீச்சு. மேல 12 விட்டாலும் 84 மிச்சம். உங்க ரூம் இரைச்சல் அதை விட எவ்வளவோ மேலதான் இருக்கும். சாம்ப்ளிங் ரேட் 44,100 ஹெர்ட்ஸ் போதும். நைக்விஸ்ட் படி அதுல பாதி 22,050, மனுஷக் காது கேக்கிறதே 20,000 வரைதான். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர் இங்கதான் உதவுது மக்களே.

4. ப்ளூடூத் வேண்டாம்

ப்ளூடூத் இயர்பட்ஸோட மைக்கை ஆன் பண்ணின உடனே அது போன் பேசுற மோடுக்கு மாறிடும். அப்போ சாம்ப்ளிங் ரேட் பெரும்பாலும் 8,000 இல்ல 16,000-க்கு இறங்கிடும். 16,000-ன்னா 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே பதிவாகாது. "என் குரலே இப்படித்தான் போல"ன்னு பலர் பாடுறதையே விட்டுடுறாங்க. பிரச்சனை குரல்ல இல்ல. டிராக்குக்கு மேல பாடும்போது தாளம் பின்தங்குறதுக்கும் இதே ப்ளூடூத் ஒரு காரணம். ஒயர் போட்ட ஹெட்போன்தான் நல்லது.

5. எஃபெக்ட்: குறைவா, வரிசையா

முதல்ல நாய்ஸ் ரிடக்‌ஷன். பாடுறதுக்கு முன்னாடி அஞ்சு செகண்ட் சும்மா ரெக்கார்ட் பண்ணுங்க. அந்தப் பகுதியை மட்டும் செலக்ட் பண்ணி நாய்ஸ் ப்ரொஃபைல் எடுங்க, அப்புறம் முழுசையும் செலக்ட் பண்ணி அப்ளை பண்ணுங்க. 6-லிருந்து 12 டெசிபல் போதும். கூட்டினா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். முக்கியமா, அந்த அஞ்சு செகண்ட்ல ஸ்ருதிப்பெட்டி ஓடக்கூடாது. ஓடினா ஸ்ருதியையே இரைச்சல்னு எடுத்துக்கிட்டு, நீங்க மெதுவா பாடுற சா, பா-வையும் அரிச்சிடும்.

அடுத்து 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் ஃபில்டர். இது குரலுக்கு மட்டும், மிருதங்கத்துக்கு இல்ல. அப்புறம் லேசான கம்ப்ரஸர், 2:1 இல்ல 3:1. கடைசியா ஒரு துளி ரிவெர்ப், உச்சத்தை -1-க்கு நார்மலைஸ். முன்னும் பின்னும் ஒரே சத்தத்துல வச்சு ஒப்பிடுங்க. சத்தமா இருக்கிறதெல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே காதுக்குத் தோணும்.

வேலை முடியிற வரை வேவ் ஃபைலாவே வைங்க. எம்பி3 கடைசியா ஒரே ஒரு தடவை.

இது ஏன் முக்கியம்?

கல்ச்சுரல்ஸ் ஆடிஷன்னா இன்னொரு டேக் எடுக்கலாம். ஆனா செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறோம். பாட்டி ஒரு தாலாட்டு பாடுறாங்க, எந்தப் புக்லயும் இல்லாத வரிகள். அதை ஃபேனுக்குக் கீழ, ரெண்டு மீட்டர் தள்ளி போனை வச்சு எடுத்தா, பத்து வருஷம் கழிச்சு நமக்குக் கேக்கப்போறது ஃபேன் சத்தம்தான். அதுக்கு ரெண்டாவது டேக் எப்பவும் கிடைக்கும்னு சொல்ல முடியாது.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க: ஒரே வரியை 60 செ.மீ., 30 செ.மீ., ஒரு சாண், மூணு தூரத்துல பாடி, சத்தத்தை சமமாக்கி அடுத்தடுத்து கேளுங்க. அதுக்கு அப்புறமும் புது மைக் வேணும்னு தோணினா, தாராளமா வாங்குங்க.